பல் வலிக்கு லீவு கிடையாதா?



மலர் என்றால் காதல் கவிதை, வேலையில்லாத் திண்டாட்டம், தன்னம்பிக்கை எல்லாம் வழக்கம்போல் வந்துவிடும். நான் பல்லைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். வாயை நன்றாகத் திறந்து சிரித்தால், கடைசியில் ஒரு பல் முளைக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவன் பார்த்துச் சொல்வான்!

ஞானப்பல் என்கிற மூன்றாவது கடைவாய்ப்பல் பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கிறது. அதாவது, சரியாக நாம் டிப்ளமோ படிக்கிற வயசு. தாடையில் இடம் இருந்தால் பிரச்னை இல்லை. இடம் இல்லாவிட்டால் முன்பல்லை முட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். பாதி வெளியே, பாதி ஈறுக்குள். அந்த ஈறு மடிப்பில் சோறு சிக்கி, சீழ் பிடித்து, வாயைத் திறக்க முடியாமல் கன்னம் வீங்கும். நான்காவது செமஸ்டரில் எனக்கு ஆனதும் இதுதான்.

விடுதியில் வைத்தியர்களுக்குப் பஞ்சமா? ஒருத்தன் கிராம்பு வை என்றான். இன்னொருத்தன் புகையிலையை அடக்கு என்றான். மெடிக்கல் ஷாப்பில் 'பல் வலி செட்' கேளு என்றவர்கள்தான் அதிகம். வலி மாத்திரை வலியை மறைக்குமே தவிர சீழை எடுக்காது. கீழ்த்தாடைச் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைத்துவிடும். ஊரில் ஆத்தா வேறு, "பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும்டா" என்று அழுதது. பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அரசு மருத்துவமனைக்கு அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். எக்ஸ்ரே எடுத்த பிறகு ஒரு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். "கீழ் உதடு மரத்துப்போக வாய்ப்பு இருக்குன்னு போட்டிருக்குப்பா" என்றேன். "எத்தனை நாளைக்குன்னு கேளு" என்றார் அப்பா. அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி அது! டாக்டரிடம் கேட்டேன். பல்லின் வேருக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது, மரத்துப் போனாலும் பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் சரியாகும், அபூர்வமாக அப்படியே நிற்கவும் கூடும் என்று பொறுமையாக விளக்கினார். 18 முடிந்திருந்ததால் நானே கையெழுத்துப் போட்டேன். கூடவே படித்த பிள்ளை வராத அப்பாக்கள் எதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்? தமிழ்நாட்டில் அந்தப் படிவம் தமிழில் இருக்க வேண்டாமா?

ஊசி போட்டபின் வலி இல்லை. சத்தமும் அழுத்தமும் மட்டும்தான். எலும்பு சூடாகாமலிருக்க டிரில் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். நம்ம லேத்துக்குக் கூலன்ட் விடுகிற மாதிரியே! பல்லை இரண்டாக வெட்டி எடுத்து, இரண்டு தையல் போட்டார்கள்.

கவனம் அதற்குப் பிறகுதான் வேண்டும். குழியில் உறைகிற ரத்தம்தான் எலும்புக்கு மூடி. முதல் நாள் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. அந்த மூடி பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் காது வரை தெறிக்கும் வலி வரும். சிகரெட் பிடித்தால் இந்த ஆபத்து கூடுகிறது. (கேன்டீன் பின்பக்கத்து நண்பர்கள் கவனிக்க!) முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். இரண்டாம் மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சம்; கண்ணாடி பார்க்காமல் இருப்பது நல்லது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள்.

அதற்காக எல்லோரும் போய்ப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தொல்லை தராத ஞானப்பல்லை வெறுமனே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000-லேயே அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. வலித்தால், வீங்கினால் காட்டுங்கள் என்கிறேன்.

காட்டினால் நமக்குக் கிடைப்பது என்ன? "பல்லுக்கெல்லாம் மெடிக்கல் லீவா?" என்ற கேள்வி! காய்ச்சல்காரனுக்கு மெஸ்ஸில் கஞ்சி உண்டு. தையலோடு நின்ற எனக்குத் தட்டில் விழுந்தது புளிசாதம். பல்லும் உடம்பில்தானே சார் இருக்கிறது?

பல் டாக்டர் தரும் சான்றிதழையும் லீவுக்கு ஏற்க வேண்டும், மூன்று நாளைக்குக் கஞ்சி தர வேண்டும். இந்த இரண்டையும் அடுத்த மெஸ் கமிட்டிக் கூட்டத்திலும் மாணவர் பேரவையிலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். மனு தயார். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் விடுதி 14-ஆம் அறைக்கு வரலாம்.

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்