கடலில்லாத ஊரிலிருந்து ஓர் எச்சரிக்கை

எதிர்வீட்டுப் பெண் போன வாரம் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "அங்கிள், நாகர்கோவில்ல ஃப்ரெண்டு கல்யாணம். மறுநாள் லெமூர் பீச் போறோம். மணல் கறுப்பா மின்னுமாமே!"

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 2024 மே 6-ம் தேதி, அதே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஐந்து இளம் மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. அந்த வயதுப் பிள்ளைகள்தான் இவளும் இவள் தோழிகளும்.

அந்தப் பக்கத்து மணலை நான் உள்ளங்கையில் அள்ளிப் பார்த்திருக்கிறேன். சாதாரண மணலைவிடக் கனம். கறுப்பாக மின்னுவது இல்மனைட்; நடுநடுவே செம்பொட்டாகத் தெரிவது கார்னெட். சற்றுத் தள்ளி மணவாளக்குறிச்சியில்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். முறத்தில் புடைப்பதுபோல அலை இலேசான வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. நம்மை மயக்குகிற அந்தக் கறுப்பே அலை செய்த வேலைதான்.

அந்த மே 6 அன்று அங்கே புயல் இல்லை. வந்தது கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. தெற்கே வெகுதொலைவில் வீசும் பெருங்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து, இங்கே இலைகூட அசையாத நேரத்தில் கரையேறும். அந்த முறை அதற்கு மூலமான வானிலை மாற்றம், ஏப்ரல் 26 அன்று நம் கரையிலிருந்து சுமார் 10,000 கி.மீ. தள்ளித் தெற்கு அட்லாண்டிக்கில் இருந்தது.

அதைக் கணித்து முன்கூட்டியே எச்சரித்த இடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஹைதராபாத்தின் மறுகோடியில், பிரகதி நகரில், 1999-ல் தொடங்கிய இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து இரவு பகலாகக் கடலைப் பார்க்கிறார்கள். அவர்கள் சொன்ன சொல், விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் காதுவரை போய்ச் சேர வேண்டாமா? எனக்கு ஆறாத விஷயம் இதுதான். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாராவும் கறுப்பு மணல் கரைதான். அங்கேயும் ஆளை ஏமாற்றி ஏறும் அலைதான். 2022-ல் அங்கே விளக்குக் கம்பம் நட்டார்கள். எதுவரை போகலாம் என்பதை விளக்கின் நிறமே சொல்லிவிடும். நம் கரைகளிலும் அப்படி ஒன்று நிற்க வேண்டும்.

அவளை உட்காரவைத்து, கைப்பேசியில் இன்காய்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கிளம்பும் நாள் காலையில் இதைப் பார். சிவப்பு என்றால் போகாதே. ஆரஞ்சு என்றாலும் போக வேண்டாம். எச்சரிக்கை இல்லாவிட்டாலும், போனதும் இறங்காமல் கால்மணி நேரம் கடலையே பார். பெரிய அலைகள் விட்டுவிட்டுத்தான் வரும். படகுக்காரரிடம் கேள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஈர மணலில் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதே. அலை யாரையாவது இழுத்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதே. கயிறோ காலி கேனோ வீசு, ஆட்களைக் கூப்பிடு. நீயே மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்து.

நேற்று மாலை போன் வந்தது. பின்னால் அலையின் இரைச்சல்.

"அங்கிள், பச்சைதான் காட்டுது. ஆனா வலைபின்னிட்டிருந்த தாத்தா இறங்காதீங்கன்னுட்டார். மேல தென்னமரத்தடியில உக்காந்திருக்கோம். இங்கேருந்தே மின்னுது."