சோறு என்று சொல்லக் கூசும் நா

அண்மையில் ஒரு திருமணப் பந்தியில் அமர்ந்திருந்தோம். பரிமாற வந்த இளைஞர் "சாதம், சாதம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நமக்கு எதிர் வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடுப்பா" என்றார். பக்கத்தில் இருந்த பேத்தி குனிந்து, "தாத்தா, சாதம்னு சொல்லுங்க" என்றாள். முதியவர் சிரித்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டார். நமக்கு அதற்குப் பிறகு சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அன்றாட உணவுச் சொற்களின் பிறப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், தமிழன்பர்களின் சினம் முதலில் 'டிபன்' மீதுதான் பாய்கிறது. 'டிபன்' ஆங்கிலக் கொச்சையில் பிறந்து, இந்தியாவில் இருந்த வெள்ளையர் நாவில் வளர்ந்த சொல். மென்மதுவை ஒரு மிடறு அருந்துவதைக் குறித்த வழக்கிலிருந்து அது வந்ததென்பர். அது வந்ததில் யாருக்கும் தலைகுனிவு நேரவில்லை. 'பலகாரம்' பழ உணவு என்னும் வடசொல்லிலிருந்து வந்து, அமாவாசை இரவில் சோற்றுக்கு மாற்றாக உண்ணும் இட்லி தோசையையும் குறித்து, இன்று எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்து கிடக்கிறது. இதுவும் இயல்பே. சொற்கள் வரும், பொருள் மாறும். ஒரு சொல் வந்தபோது வீட்டிலிருந்த சொல் தாழ்ந்துபோனது எதனால் என்பதே நம் வினா.

'சாதம்' என்பதற்குப் 'பிரசாதம்' என்பதே மூலம் எனக் காட்டுவர். தெய்வத்துக்குப் படைத்தது என்ற பொருள் தேய்ந்து, வெந்த அரிசி என்ற பொருள் மட்டும் எஞ்சியது. மடைப்பள்ளியிலிருந்து வீட்டு அடுக்களைக்கு வந்த சொல் தன்னோடு ஒரு தூய்மையையும் கொண்டுவந்தது. 'சோறு' அவ்வாறு எங்கிருந்தும் வந்ததன்று, இங்கேயே இருந்தது. சங்க நூல்களில் நெற்சோறு உண்டு, வரகுச் சோறு உண்டு. 'பெருஞ்சோற்று' என்ற அடைமொழியையே பெயரோடு சேர்த்துப் பெற்றான் சேரன் உதியஞ்சேரலாதன். அரசனுக்கு அது பெருமை. இன்று ஒரு கிழவருக்கு அது பட்டிக்காட்டுத்தனம்.

அச்சொல்லின் அழகையும் சற்றுப் பார்க்க வேண்டும். கற்றாழை மடலைக் கீறினால் உள்ளே வழவழப்பாக இருப்பதைக் கற்றாழைச் சோறு என்கிறோம். பனஞ்சோறு என்றும் ஒன்று உண்டு. தோலுக்குள்ளே இருக்கும் மெல்லிய சதைப்பற்றுக்கும் வெந்த அரிசிக்கும் ஒரே பெயரை இட்டவர்கள் கையால் தொட்டுப் பார்த்து இட்டிருக்க வேண்டும்.

திருவையாற்றுக்கு அருகில் திருச்சோற்றுத்துறை என்று ஒரு பாடல்பெற்ற தலம் இருக்கிறது. ஊரின் பெயரில் சோறு. இறைவன் ஓதனவனேசுவரர், ஓதனம் என்றாலும் சோறுதான் (புளியோதரைக்குள் ஒளிந்திருப்பதும் அதுவே). அம்மை அன்னபூரணி, அன்னமும் சோறே. ஒரே கோயிலில் ஒரே பானைக்கு மூன்று பெயர். வைணவரின் 'அமுது' வேறு. ஊர்ப் பெயரில் 'திரு' என்ற அடையோடு நிற்கும் ஒரு சொல்லை நாம் வீட்டில் சொல்ல நாணுகிறோம்.

வசைகளைக் கவனியுங்கள். 'தண்டச்சோறு' என்கிறோம், 'தண்டச்சாதம்' என்று எவரும் எவரையும் ஏசியதில்லை. வறியவனுக்குச் 'சோற்றுக்கு வழியில்லை'. வயிறு நிறைந்தவன் உண்பது சாதம், நிறையாதவன் கேட்பது சோறு என்று மொழியே பங்கு பிரித்துக்கொண்டதுபோல் இருக்கிறது. நன்றி சொல்லும்போது மட்டும் 'செஞ்சோற்றுக் கடன்' என்று பழைய சொல்லிடமே திரும்புகிறோம். குழந்தைகளின் நிலாச்சோறும் கூட்டாஞ்சோறும் இன்னும் சாதமாகவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இது தமிழின் இயல்பான நாகரிகம் என்று சிலர் சமாதானம் சொல்வர். அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ஏன் இன்றும் வீட்டிலும் கடையிலும் சோறு? மலையாளிகள் சோறு என்பதில் என்ன குறை கண்டார்கள்? குருவாயூர்க் கோயிலில் குழந்தைக்கு முதன்முதலில் அன்னம் ஊட்டும் சடங்குக்கே 'சோறூண்' என்றுதான் பெயர். சொல்லில் தாழ்வில்லை. யார் வீட்டுப் பேச்சு பண்பானது என்று இங்கே நாம் செய்துகொண்ட தீர்மானத்தில் இருக்கிறது தாழ்வு. 1957-இல் சென்னை உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தினார். பலகைகளிலிருந்து அச்சொல் பெரும்பாலும் மறைந்தது. உள்ளே இலையில் விழுந்த சொல்லை யாரும் கேட்கவில்லை. அதை நாம் விரும்பியே எடுத்துக்கொண்டோம். இப்போது அதையும் விட்டு 'ஒயிட் ரைஸ்' என்கிறோம்.

அரசு இந்தப் பூசலில் சிக்காமல் நழுவியது வேடிக்கை. மதிய உணவு, 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு என எல்லாமே 'உணவு'. நல்ல சொல்தான். ஆனால் பசியோடு வீட்டுக்குள் நுழையும் பிள்ளை எதுவும் "அம்மா, உணவு போடு" என்று கேட்டு நாம் அறியோம்.

சாதத்தை விலக்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தயிர்ச்சாதம் தயிர்ச்சாதமாகவே இருக்கட்டும். அதைத் தயிர்ச்சோறு என்று மாற்றினால் புளித்துவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. சோறு என்று சொல்பவரைத் திருத்தாதிருந்தால் போதும்.

இவ்வளவும் எழுதும் நம் வீட்டிலும் சென்ற வாரம் விருந்தினர் வந்திருந்தனர். பானையிலிருந்து எடுத்துக்கொண்டே நாம் கேட்டது, "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?"