கிற்றார் பிக்கப் மாற்ற முதல் ஒருக்கா யோசிப்போம்



போன கிழமை ஒரு மாணவன் எலக்ட்ரிக் கிற்றார் ஒன்றைத் தோளில் கொழுவிக்கொண்டு எங்களிடம் வந்தான். பிரான்சில் இருக்கும் மாமா அனுப்பியது. மூன்று பிக்கப்பில் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ளது ஊமை. மற்ற இரண்டும் இரைகின்றன. "சேர், மூண்டையும் மாத்தச் சொல்லீனம். கடன் பட்டெண்டாலும் வாங்கித் தாறன் எண்டு அப்பா சொல்லுறார்" என்றான். அப்பாவுக்குக் கடற்றொழில். அந்தக் "கடன்" என்ற சொல்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"முஸ்லிம் வாத்தியாருக்குக் கிற்றாரில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். இசைக்கருவி பற்றி எங்கள் சமூகத்துக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை. தான் படித்த மின்காந்தத் தூண்டலைத் தன் கையில் உள்ள பொருளில் கண்டு ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், பதில் சொல்வது ஆசிரியரின் கடமை.

எங்கள் கருத்து இதுதான். பிக்கப்பை அதன் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. அது வாசிக்கப்படப் போகும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும். அதற்கு முதல், மாற்றத்தான் வேண்டுமா என்று சோதிக்க வேண்டும்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, சுருளில் மின் பிறக்கிறது. 1831 இல் பரடே கண்டது இதைத்தான். அந்தக் கம்பி தலைமயிர் அளவு மெல்லியது. ஏழெட்டாயிரம் சுற்று இருக்கும். எங்கள் உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே போய்ப் பச்சை பிடித்தால், ஓரிடத்தில் அறுந்தாலே போதும், முழுவதும் ஊமை.

நாங்கள் மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தோம். இரண்டு பிக்கப் ஏறத்தாழ 6 கிலோஓம் காட்டின. அவை நல்ல சுகம். மூன்றாவது ஒன்றும் காட்டவில்லை, சுருள் அறுந்துவிட்டது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். இதில் கூடியது. திறந்து பார்த்தால் பாலத்துக்குப் போகும் எர்த் வயர் கழன்று கிடந்தது. ஒரு சொட்டு ஈயத்தோடு இரைச்சல் பாதி அடங்கிவிட்டது. மூன்று வாங்க இருந்த இடத்தில் தேவை ஒன்றுதான்.

அந்த ஒன்று எது? ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ஓசை தெளிவானது. ஆனால் சுற்றியுள்ள வயர், ட்ரான்ஸ்போமர் எல்லாவற்றின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் அது சேர்த்தே பிடிக்கும். இதற்கு மருந்தாக 1955 இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். 'ஹம்பக்கர்' என்பது அதுதான். இரண்டு சுருளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் மாறி இருக்கும். தந்தியின் ஓசை கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்.

நயினாதீவும் நெடுந்தீவும் பெருநிலத்து மின் இணைப்பு இல்லாமல் டீசல் ஜெனரேற்றரை நம்பியிருந்த தீவுகள். அனலைதீவோடு சேர்த்து இம்மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவோடு உடன்படிக்கை வந்தது 2022 இல்தான். ஊர்காவற்றுறைப் பக்கம் மின் இணைப்பு இருந்தாலும், திருவிழா மேடையில் ஜெனரேற்றர், வெளிச்ச வயர், ஒலிபெருக்கி எல்லாம் ஒரே மூலையில்தான். ஆகவே எங்கள் தெரிவு, ஒற்றைச் சுருளின் அளவிலேயே வரும் இரட்டைச் சுருள் பிக்கப். மரத்தைச் செதுக்கத் தேவையில்லை.

வாங்கும்போது நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, "பாலத்துப் பக்கத்துக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். அங்கே தந்தி குறைவாகவே ஆடும் என்பதால் கொஞ்சம் வலுவாகச் சுற்றியது வேண்டும்.

இரண்டு, கிலோஓம் கூடினால் நல்லது என்று நம்ப வேண்டாம். கம்பி மெல்லிதானாலும் ஓம் கூடும். அளவுக்கு மீறிச் சுற்றினால் கூர்மையான ஓசை மங்கும்.

மூன்று, மெழுகில் தோய்த்தது அல்லது எபொக்சி ஊற்றி அடைத்தது எடுங்கள். கடற்காற்றுக்கு அதுதான் தாங்கும். அல்நிக்கோ காந்தமா செராமிக்கா என்பது அவரவர் காதைப் பொறுத்தது. செராமிக் பொதுவாக மலிவு.

நான்கு, 9 வோல்ற் பற்றரியில் ஓடும் வகை இரைச்சல் குறைந்ததுதான். ஆனால் பற்றரி முடிந்தால் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டி வரலாம்.

பூட்டிய பின் பக்கத்துப் பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது ஓசை மெலிந்து கேட்டால் பொருள் பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டின் கட்டமும் எதிராக இருக்கிறது. வயர்களை இடம் மாற்றினால் சரி. தந்திக்கு மிக நெருக்கமாகவும் உயர்த்தாதீர்கள். காந்தம் இழுத்துச் சுருதி கலங்கும்.

முக்கியமாக ஒன்று. எந்தப் பிக்கப்பும் மேடையின் எர்த் குறையைத் தீர்க்காது. கிற்றார் தந்தி அம்ப்ளிபயரின் எர்த்தோடு தொடுக்கப்பட்டது. ஈரக் காலோடு, வேறு இடத்தில் மின் எடுத்த மைக்கில் வாய் பட்டால் உயிருக்கே ஆபத்து. மேடை போடும் தம்பிமார் எர்த் கம்பியைச் சரிபார்த்த பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள்.

வெளிநாட்டு உறவுகளே, நீங்கள் அன்போடு அனுப்பும் கிற்றார்கள் இங்கே எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன. பல சந்தர்ப்பத்தில் தேவை விலை கூடிய பிக்கப் அல்ல. ஒரு மல்ரிமீற்றரும் ஒரு சோல்டர் அயனும், அவற்றைப் பிடிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும்தான். அடுத்த முறை கிற்றாரோடு அந்த இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். பிடிக்கப் பழக்குவது எங்கள் பொறுப்பு.