பழைய கணினியைத் தூக்கி எறியாதீர்!

விண்டோசு 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்தியது. விண்டோசு 11-ஐ ஏற்காத கணினிகள் இனிக் குப்பைக்குத்தான் என்று பலர் முடிவுகட்டிவிட்டனர். இம்முடிவை நான் ஏற்கவில்லை.

ஆத்திரேலியர் பேரி கௌலர் 2003-இல் உருவாக்கிய ‘பப்பி லினக்சு’ இலவச இயங்குதளம். சில நூறு மெகாபைட் அளவே உள்ள இதனை ஒரு விரலியில் ஏற்றிவிடலாம். கணினியைத் தொடக்கியதும் இது நினைவகத்தில் ஏறி இயங்கும்; வன்தட்டு பழுதானாலும் கவலையில்லை. செய்த வேலையையும் அவ்விரலியிலேயே சேமிக்கலாம்.

“மாணவருக்கு இது போதுமா?” எனக் கேட்பீர்கள். கட்டுரை எழுதப் போதும். கல்வி அமைச்சின் டெலிமா தளத்திற்கு உலாவி இருந்தாலே போதும். ஆனால், இன்றைய இணையப் பக்கங்கள் கனமானவை. 2 ஜிகாபைட் நினைவகமேனும் வேண்டும்.

2020-இல் இயங்கலை வகுப்பு நடந்தபோது, ஒரே கைப்பேசியை உடன்பிறப்புகள் முறைவைத்துப் பயன்படுத்தியதை ஆசிரியர்கள் நாம் மறக்கவில்லை. அத்தகைய வீட்டிற்குப் பழைய கணினியும் ஒரு செல்வமே.

ஒன்று மட்டும் கட்டாயம். தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் முதலில் ஒரு விரலியில் சேர்த்துச் சரிபார்த்த பின்னரே மற்றவற்றுக்குப் படியெடுக்க வேண்டும். இல்லையேல், கணினியில் தமிழுக்கு இடமில்லை என்றே பிள்ளைகள் எண்ணிவிடுவர்.

ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், பழைய கணினிகளைக் கழிக்குமுன் ஒரு விரலியைச் செருகிப் பார்க்கட்டும். செலவு சில ரிங்கிட்டே!