கூரைக்குள் தாண்டினால் தாண்டல் இல்லையா?

போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு எங்கெங்கோ சுற்றி லாங் ஜம்ப்புக்கு வந்தது. நான் ஜெஸ்வின் ஆல்ட்ரின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த நண்பர், என்னைவிட நாலு வயது இளையவர், சட்டென்று கேட்டார்: "ஏனுங்ணா, கூரைக்குள்ள ஏசி போட்டுக்கிட்டுத் தாண்டறதெல்லாம் ஒரு தாண்டலுங்களா? காத்து இல்லே, மழை இல்லே, வெயில் இல்லே. அதுல வெள்ளி வாங்குனா என்ன, பித்தளை வாங்குனா என்ன?"

டீ ஆறிப்போகும் வரை வாதாடினேன். அவர் மசியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு லாங் ஜம்ப் என்றால் டி.சி. யோகன்னான். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 8.07 மீட்டர். அந்த அளவை இந்தியாவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் யாரும் தாண்டவில்லை. அதற்குப் பிறகு நம்மில் பலர் இந்த விளையாட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். விட்ட இடத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் தீர்ப்பு மட்டும் சொல்கிறோம்.

ஜெஸ்வின் தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ப் பையன். மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அதே முதலூர்தான். 2023 பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் 7.97 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினான். தங்கம் வாங்கிய தைவான்காரர் லின் யூ டாங் தாண்டியது 8.02. வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி நீளம். அப்போது பையனுக்கு வயது இருபத்தொன்று. நான் வாங்கும் பேப்பரில் அது பொட்டுச் செய்தியாக வந்தது. அதே பக்கத்தில் ஒரு கிரிக்கெட் வீரரின் முதுகுவலிக்கு மூன்று பத்தி.

நண்பரின் முக்கிய வாதம் காற்று இல்லை என்பது. காற்றைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனி, ஆடியில் போத்தனூரில் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில் கிடக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன.

வெட்டவெளியில் தாண்டும்போது பின்னாலிருந்து வரும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால், அந்தத் தாண்டலைச் சாதனையாக ஏற்க மாட்டார்கள். இது ஜெஸ்வினுக்கே நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் கோழிக்கோடு ஃபெடரேஷன் கோப்பையில் அவன் 8.37 தாண்டி முதலிடம் பிடித்தான். காற்று அதிகம் என்பதால் தேசிய சாதனை, இரண்டாவதாக வந்த பாலக்காட்டு ஸ்ரீசங்கரின் 8.36க்குப் போனது. ஜெயித்தவன் ஒருவன், சாதனை இன்னொருவன் பேரில்! கூரைக்குள் இந்த வம்பே கிடையாது. உதவுவதற்கும் காற்று இல்லை, குறை சொல்வதற்கும் காற்று இல்லை. தாண்டியது எவ்வளவோ அவ்வளவு. எனக்கு அதுதான் சுத்தமான தாண்டலாகப் படுகிறது.

அதில் போட்டி குறைவு என்றும் சொல்ல முடியாது. 2025 நான்ஜிங் உலக உள்ளரங்கப் போட்டியில் தங்கம் 8.30, வெள்ளி 8.29, வெண்கலம் 8.28. முதல் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர். 2022இல் பெல்கிரேடில் ஸ்ரீசங்கர் 7.92 தாண்டி ஏழாவதாக வந்தான். நமக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்ப் பையன் உலகத்தில் ஏழாவது. போத்தனூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"அப்புறம் பாரீஸ்ல என்னாச்சுங்?" என்றார் நண்பர். 7.61தான் தாண்டினான், இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அஸ்தானா முடிந்து அடுத்த மாதம் 2ஆம் தேதியே பெல்லாரிப் பக்கம் விஜயநகரில் அவன் தாண்டியது 8.42, புதிய தேசிய சாதனை. அதையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்? கூரைக்குள் தாண்டியவனுக்கு வெளியில் தாண்டத் தெரியாது என்ற பேச்சு அன்றோடு தீர்ந்தது.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வரக் காரணம் வேறு. எங்கள் வீதியில் ஒரு பையன் இருந்தான். பள்ளியில் நன்றாகத் தாண்டுவான். அவன் பழகிய மைதானம் எது என்று சொல்ல வேண்டாம். மணல் குழியில் மணலைவிடப் புல் அதிகம், மீதி இடம் நாய்களுக்கு. ஐப்பசி மழையில் நனைந்த பலகையில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. இரண்டு மாதம் கட்டுப் போட்டுப் படுத்தான். அவன் அப்பா, "போதும் சாமி, பொழப்பப் பாரு" என்று சொல்லி லேத் பட்டறையில் சேர்த்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கூரை இருந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கூரை என்றவுடன் கோடிக்கணக்கில் என்று பயமுறுத்துகிறார்கள். புவனேஸ்வரம் கலிங்கா மாதிரி உள்ளரங்கம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. லாங் ஜம்ப்புக்கு ஓடுபாதை 40 மீட்டர், அகலம் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. பலகையிலிருந்து குழியின் கடைசி வரை 10 மீட்டர். எல்லாம் சேர்ந்து இரண்டு ரயில் பெட்டி நீளத்துக்குக் கொஞ்சம் மேல், குழி அகலம் மூன்று மீட்டர். 2020 ஊரடங்கில் நின்ற என்.டி.சி. மில்களின் கொட்டகைகள் சும்மா கிடக்கின்றனவே, இரண்டு தூண் வரிசைக்கு நடுவே இது அடங்காதா? நாட்டுக்கே பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து கொடுக்கும் ஊர் இது. ஐம்பது மீட்டர் தகரக் கூரை போடுவது இங்கே யாருக்கு வித்தை?

போன முகூர்த்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எண்ணி நடந்தேன். எழுபது எட்டு வந்தது. என் எட்டு முக்கால் மீட்டர் இருக்கும். இலை போட்டுக்கொண்டிருந்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.