சுவிட்ச் மாறும்போது பரீட்சையில் யார் பின்தங்குகிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் எனது நண்பர் ஒருவரின் வீட்டு அலுமாரிக்கு மேல் இரண்டு பழைய வலையமைப்பு சுவிட்ச்கள் தூசு படிந்து கிடக்கின்றன. சிஸ்கோ நிறுவனத்தின் கட்டலிஸ்ட் 3550 வகை. இருபது வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் வேலை செய்தபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாவித்த பொருளாக வாங்கினார். சி.சி.ஐ.ஈ. செய்முறைப் பரீட்சைக்குப் பயிற்சி எடுப்பதுதான் நோக்கம். “நான் இதைப் படிச்சு முடிக்க முதல் அவங்கள் 3560 எண்டு சொல்லிப்போட்டாங்கள்” என்றார்.

இடப்பெயர்வினால் உயர்தரப் பரீட்சையைத் தவறவிட்டவர் அவர். சி.சி.ஐ.ஈ. எழுதுவதற்குப் பட்டமோ முன்தகைமையோ கேட்கப்படுவதில்லை. பல்கலைக்கழக வாசல் மூடப்பட்ட ஒருவருக்கு அது திறந்திருந்த வாசல். அதனால்தான் கருவி மாற்றம் அவருக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தியாக இருக்கவில்லை.

1993இல் ஆரம்பித்த இந்தப் பரீட்சை முதலில் இரண்டு நாட்கள் நடந்தது. 2001இல் ஒரே நாளில் எட்டு மணித்தியாலமாகச் சுருங்கியது. விடை எழுதுவதல்ல, கொடுக்கப்பட்ட கருவிகளை இயங்க வைப்பதே வேலை. எனவே எந்தக் கருவி மேசையில் இருக்கிறது என்பது முக்கியம்.

3550க்கும் 3560க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே நிலைமை வேறு. தொலைபேசிக் குரல் போன்ற அவசரத் தரவுகளை முன்னுரிமை வரிசையில் அனுப்ப வேண்டும். 3550இல் அந்த வரிசை நான்காவது, 3560இல் முதலாவது. வரிசைகளைப் பங்கிடும் முறையும் கட்டளைகளும் மாறின. ஐ.பி.வி.6 வழிப்படுத்தல் 3560இல் உண்டு, 3550இல் இல்லை. பழைய கருவியில் கை பழகியவர் புதியதில் அதே வேகத்தில் வேலை செய்ய முடியாது. கேள்வியின் ஒரு பகுதி பிழைத்தாலும் அந்தக் கேள்விக்கான முழுப் புள்ளியும் போய்விடும்.

மாற்றியது தவறென்று நான் சொல்லமாட்டேன். வேலைத்தளங்களில் இல்லாத கருவியில் திறமையைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பெரிய நிறுவனமொன்றில் வேலை செய்பவருக்குப் புதிய சுவிட்ச் அலுவலகத்திலேயே இருக்கும். சொந்தக் காசில் படிப்பவர் மறுபடியும் வாங்க வேண்டும். மாற்றத்தின் செலவு இருவருக்கும் சமமாக விழுவதில்லை.

2014 ஜூனில் இந்தச் சமமின்மை ஓரளவு குறைந்தது. ‘ரவுட்டிங் அன்ட் சுவிட்சிங்’ பிரிவின் ஐந்தாவது பதிப்பில் செய்முறைப் பரீட்சை முழுவதும் மெய்நிகர் கருவிகளுக்கு மாறியது. ஜீ.என்.எஸ்.3, ஈவ்-என்.ஜி. போன்ற இலவச மென்பொருட்களும் நல்ல நினைவகமுள்ள கணினியும் இருந்தால் வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். இதற்கும் ஒரு விலை இருந்தது. முன்னுரிமை வரிசைகள் போன்றவை சுவிட்சின் சில்லில் நடப்பவை. மென்பொருளால் அவற்றைச் சரியாகப் பிரதிபண்ண முடியாது. அத்தகைய விடயங்கள் செய்முறைப் பரீட்சையிலிருந்து விலகின.

2020இல் அந்தப் பிரிவே நிறுத்தப்பட்டு, ‘என்டர்பிரைஸ் இன்பிராஸ்ட்ரக்சர்’ என்ற புதிய பரீட்சை வந்தது. வன்பொருள் பின்கதவால் திரும்பியது. பாடத்திட்டத்திலுள்ள எஸ்.டி. அக்சஸ் தொழில்நுட்பத்துக்கு அப்போது டி.என்.ஏ. சென்டர் என்று அழைக்கப்பட்ட கட்டுப்பாட்டு அமைப்பு தேவை. அதன் ஆரம்ப நிலைக் கருவியிலேயே 256 ஜிகாபைட் நினைவகம். அதைச் சொந்தமாக வாங்கிப் படிக்க எங்கள் பிள்ளைகளில் யாரால் முடியும்?

கட்டணமும் உண்டு. 2022இல் ஒருமுறை தோற்ற 1600 டொலர். அந்த ஆண்டு மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. அப்போது அது சுமார் 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டபோது அதே கட்டணம் 5 இலட்சத்து 75 ஆயிரத்தைத் தாண்டியது. எமக்கு அருகிலுள்ள நிரந்தரப் பரீட்சை நிலையம் பெங்களூரில். விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் வேறு.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்ப் பாடசாலைகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் பழைய கணினிக் கருவிகள் அனுப்புகிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் காலாவதியான பத்து சுவிட்ச்களைவிட, அதிக நினைவகம் கொண்ட ஒரு சேர்வரும் தடையில்லாத மின்சாரமும் இணையமும் கூடுதலாக உதவும். பல மாணவர்கள் முறைவைத்து ஒரே சேர்வரைப் பாவிக்கலாம். பரீட்சை மாறினால் மென்பொருளை மட்டும் மாற்றினால் போதும். வடக்கு கிழக்கிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள் இப்படியொரு பொது ஆய்வுகூடத்தை அமைப்பது எட்டாத காரியமல்ல.

படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நண்பர் சொல்லச் சொன்னது ஒன்று: எதையும் வாங்க முதல், பரீட்சைக்கான அதிகாரபூர்வக் கருவிப் பட்டியலையும் அதன் பதிப்பையும் பாருங்கள். அவரது இரண்டு சுவிட்ச்களும் இன்னும் வேலை செய்கின்றன. இப்போது மகனுக்கு வலையமைப்பின் அடிப்படையைக் காட்டிக் கொடுக்க அவற்றைத் தூசு தட்டி இறக்கப் போகிறாராம்.