தண்ணீர் நின்ற நாளைக் குறித்து வையுங்கள்

கோலா கிளாவாங் தோட்டங்களில் பால் வெட்டி வந்த கையோடு தாய்மார் தண்ணீர் சுமந்த காலத்தை நாம் மறக்கவில்லை.

1980-களில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கனடா நாட்டு உதவியுடன், கிராமங்களுக்கென பிளாஸ்டிக் கைப்பம்பு ஒன்றை உருவாக்கினர். பழுதானால் ஊராரே பிரித்துச் சரிசெய்யலாம் என்பதே அதன் விசேஷம். பழுதுபார்க்க வெளியாள் வரட்டும் என்றிருந்தால், ஊர் மறுபடியும் ஆற்றுக்குத்தான் போகும்!

தோட்டத்திலோ குழாயும் தொட்டியும் நிர்வாகத்தின் சொத்து. நாம் கை வைக்க முடியாது. ஆயினும் லயத்துத் தொழிலாளிக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம்.

ஆகவே தோழர்களே, தண்ணீர் நின்ற நாளையும் நேரத்தையும் லயந்தோறும் குறித்து வையுங்கள். வாய்ப்புகார் ஆபீஸ் பைலில் ஏறாது. கிராணி வேலை பார்க்கும் நமக்கு அது நன்றாகத் தெரியும். எழுதத் தயங்குவோருக்கு நாமே எழுதித் தருவோம். அந்தத் தாளோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம்.